பாட்டில் கடை போன பிறகு

முதல் கையெழுத்து நான்தான் போட்டேன்.
ஜெபமணி டீச்சர் எழுதின மனுவில்
"இப்படிக்குப் பொதுமக்கள்" என்ற வரிக்குக் கீழே
மு. பட்டுக்கனி, பெட்டிக்கடை, முக்கூடல் ரோடு விலக்கு.
'ட்'டுக்குப் புள்ளி வைக்க மறந்துட்டேன்.
டீச்சரே வச்சாவ.

அதுக்கு முந்தி பேசாத பேச்சா?
அண்ணாச்சி கடைத் தராசு
அவர் மூச்சு விட்டாலே கால் கிலோ காட்டும்ன்னு பேசினோம்.
உய்க்காட்டான் காலையில போட்ட டீத்தூளுக்கு
சாயங்காலம் திதி கொடுக்கலாம்ன்னு பேசினோம்.
பீடிக்கடைக்காரன்
இலையை நனைச்சு எடை போடுதான்,
சுத்திக் கொடுத்த பீடியில பத்துக்கு ரெண்டைக்
கழிவுன்னு ஒதுக்கி
அவனே கட்டி அவனே விக்கான்.
இதை மட்டும் மெல்லப் பேசினோம்.
வாரக் கூலி தாரவன்.

பாட்டில் கடையைத்தான் சத்தமாப் பேசலாம்.
சர்க்கார் கடை, கோவிச்சுக்கிடாது.
பாட்டிலுக்குப் பத்து ரூவா கூட வாங்குதான்னு
குடிக்காதவ எல்லாம் கணக்குச் சொன்னா.
சூப்பர்வைசர் வன்னியநம்பி
அந்தப் பத்துலதான் சேரன்மாதேவியில மாடி எடுத்தாராம்.
மாடி இல்லட்டி, மதில்.
மதிலும் இல்ல, மருமகன்னா செல்லப்பேச்சி.
எல்லாரும் ஒத்துக்கிட்டோம்.

சொரிமுத்து மாமா
பஸ் ஸ்டாப்புல வேட்டி அவிழ்ந்து கிடந்த அன்னைக்குத்தான்
டீச்சர் பேனாவைத் திறந்தாவ.
பத்தாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு
பரீட்சை அட்டையை வச்சு மூடிட்டு பஸ் ஏறுனா.
அட்டை திரும்பி வரலை.

ரெண்டு திங்கள் கலெக்டர் ஆபீஸ்.
மூணாந் திங்கள் கடை இல்லை.
வாய்க்கால் தாண்டி நாலு கிலோமீட்டர் போயிட்டு.
குலவை போட்டோம், கேசரி கிண்டினோம்.
முந்திரி நான் கொடுத்தது.

விடிஞ்சு பார்த்தா
தண்ணிப் பாக்கெட் போகலை.
ஊறுகாய்ச் சரம் தொங்கினபடி தொங்குது.
மைதீன் பிச்சை பரோட்டாக் கல்லுல
பூனை படுத்திருக்கு.
கடைசி பஸ் விலக்குல நிக்கதில்லை,
இறங்க ஆள் இருந்தாத்தானே.

குடிக்கவன் குடிக்கான்.
ஒன்பதுக்கு வந்து கத்தினவன்
பதினொண்ணுக்கு வந்து கத்துதான்,
பெட்ரோலுக்கும் சேத்துக் கேக்கான்னா செல்லப்பேச்சி.
சொல்லிட்டு என் கடையைப் பார்த்தா.

அப்பவே எனக்குத் தெரியும்.
டம்ளர் விக்கவ முதல் கையெழுத்து ஏன் போடுதா?
கமிஷன் கேட்டாளாம், கொடுக்கலையாம்.
இல்ல, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்
அவ மச்சானுக்கு நிலம் கிடக்காம், வாடகை வருதாம்.
எனக்கு மச்சானே கிடையாது.
இருந்தாலும் குழாயடியில நின்னு முழுசாக் கேட்டேன்.
நல்லாத்தான் சொன்னாவ.
நான் சொல்லியிருந்தா
வாடகை எவ்வளவுன்னும் சேர்த்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார்.
பேசவும் மாட்டார்.
கையெழுத்துப் போட்ட ராத்திரி மட்டும்
சோத்துத் தட்டைப் பார்த்தபடி கேட்டார்:
"டம்ளர் எத்தனை கட்டு கிடக்கு?"
நாப்பது.
அதுக்கப்புறம் அவரும் கேக்கலை.
நானும் எண்ணலை.

சுடலை கொடைக்கு
நாலு கட்டு இனாமாக் கொடுத்தேன், பானக்காரம் ஊத்த.
வரி எழுதுத நோட்டுல என் பேருக்கு நேரே
"டம்ளர்"ன்னு மட்டும் எழுதினாவ.
செல்லப்பேச்சி ஒரு மடக்குக் குடிச்சா.
டம்ளரை மூக்குக்கிட்டக் கொண்டுபோயி
"பாட்டில் கடை வாடை அடிக்கு"ன்னா.
பக்கத்துல நின்னவளும் மோந்தா.
அவளுக்குப் பக்கத்துல நின்னவளும்.

பிரிக்காத கட்டு அது.
என் கையாலதான் பிரிச்சேன்.

மேளக்காரங்க வேன் ஏறின பிறகு
யாரும் பாக்காத நேரமாப் பார்த்து
ஒரு டம்ளரை எடுத்து நானும் மோந்தேன்.
வெல்லம், சுக்கு, ஏலக்காய்.
அப்புறம்
என்னமோ ஒண்ணு.